நீர்நிலைக் காப்பகங்களில் மக்கள் அறிவியல் (திருப்பூர் மாவட்டம்)

ஆய்வாளர் அல்லாத பொதுமக்கள் உயிரினங்களை முறைப்படி கவனித்து, எண்ணி, பொதுத் தரவுத்தளத்தில் சேர்ப்பதே மக்கள் அறிவியல். தமிழகத்தில் இதன் பழைய களம் கடற்கரை: சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவு முழுக்க நடந்து பங்குனி ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்த்துவருகின்றனர். கடலில்லாத கொங்கு நாட்டில் இந்த வேலை குளக்கரைகளில் நடக்கிறது. இந்த ஒப்பீடு வலிந்து செய்ததல்ல. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம், குளங்களையும் வற்றுநீரில் ஆறு மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள கடலையும் ஈரநிலம் என்ற ஒரே வரையறைக்குள் வைக்கிறது. மன்னார் வளைகுடா 2022இலும், திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டிலும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

நஞ்சராயன் குளம்

ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம் அருகே சுமார் 125 ஹெக்டேரில் உள்ள இப்பாசனக் குளத்துக்கு நல்லாற்றின் வழியே மழைநீர் வருகிறது. பின்னலாடை நகரம் கரைவரை விரிந்துவிட்ட பின்னும் குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் இங்கு இறங்குகின்றன. திருப்பூர் இயற்கை கழகத்தினர் உள்ளிட்ட ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் இவற்றைப் பதிவுசெய்து வந்தனர். 2022இல் அரசு இதை மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ராம்சார் விவரக்குறிப்பு 191 பறவையினங்களையும் 87 வண்ணத்துப்பூச்சி இனங்களையும் சொல்கிறது. அரசாணைக்கு முன்பே பட்டியல் கையில் இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது.

எண்ணும் முறை

2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பட்டியலை இ-பேர்ட் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றவேண்டும். நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தால் பத்துப் பறவை அடங்கும் பரப்பைக் கண்ணால் அளந்து, மொத்தக் கூட்டத்தில் அது எத்தனை முறை அடங்கும் என்று பெருக்கிக்கொள்கிறார்கள். அதற்கும் வழியில்லை எனில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் குறி. அடையாளம் தெரியாததை ஊகித்து எழுதக்கூடாது. அரிய பறவை என்றால் மதிப்பாய்வாளர் படம் கேட்பார். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் இப்படித் தந்த மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. சம்பளம் வாங்காத உழைப்பு இது.

உடுமலைக் குளங்கள்

உடுமலை வட்டத்தில் திருமூர்த்தி அணை நீரைப் பெறும் ஏழு குளப் பாசனக் குளங்களில் பெரியகுளம், செங்குளம், ஒட்டுக்குளம் ஆகியவை அடங்கும். வலசைப் பறவைகள் வந்தாலும் இவற்றில் எதுவும் சரணாலயமல்ல. ஆயக்கட்டு விவசாயிகளுக்கு இவை முதலில் பாசன நீர், அதன்பின் வண்டல். மீன் பிடிப்போருக்கும் பங்குண்டு. எண்ணுவது வேறு, நிர்வாகத்தில் இடம் பெறுவது வேறு.

பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அமைந்ததை இங்கே நினைக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவின்படி இத்தகைய பாதுகாப்பகத்தை அறிவிக்குமுன் உள்ளூர் மக்களைக் கலந்தாக வேண்டும். அங்கு வாழ்வோரின் உரிமை பறிபோகாது. மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. அரசு நிலமாக, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில் இருக்கும் உடுமலைக் குளங்களுக்குச் சரணாலயத்தைவிட இவ்வேற்பாடே பொருந்தும். அதைக் கோருவதற்குத் தேவையான சான்று, ஆண்டுதோறும் விடாமல் எடுத்த பறவைப் பட்டியல்தான்.