வேலையைப் பார்த்தபின் விருப்பம்: மேற்குச் சென்னைப் புறநகரில் தொழில் தேர்வு

தனக்கேற்ற தொழிலைக் கல்லூரி மாணவர் எப்படிக் கண்டுகொள்வது? முதலில் தன்னை அறி, பிறகு வேலையைத் தேடு என்பதுதான் நம் கல்வித்துறை தரும் வழக்கமான விடை. வானகரத்தைச் சுற்றியுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் இந்த வரிசையை மாற்றியே ஆக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இங்குள்ள மாணவருக்குக் குறையாக இருப்பது தன்னறிவு அன்று. வேலையைக் கண்ணால் பார்த்த அனுபவம்.

வழக்கமான அந்த வரிசைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டில் இறந்தும் போனார். அவருடைய நூல் 1909இல்தான் வெளிவந்தது. தன்னைப் பற்றிய தெளிவு, தொழில்களைப் பற்றிய அறிவு, இரண்டையும் பொருத்திப் பார்க்கும் நிதானம் என்று அவர் மூன்று கூறுகளைச் சொன்னார். இரண்டாவது கூறில் வேலைக்கு வேண்டிய தகுதி, ஊதியம், சாதக பாதகம், முன்னேற வழி எல்லாம் அடங்கும். நம் கல்லூரிகள் பலவும் முதல் கூறை ஓர் ஆப்டிடியூட் டெஸ்டாகவும், மூன்றாவதை இறுதியாண்டு பிளேஸ்மென்ட்டாகவும் சுருக்கிவிட்டு, நடுவில் உள்ளதைக் கைகழுவிவிட்டன.

அந்த நடுப்பகுதிக்கு இங்கே பஞ்சமே இல்லை என்பதுதான் வேடிக்கை. வானகரத்திலிருந்து அயனம்பாக்கம் வழியாக வடக்கே போனால் 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதற்கு மேற்கே, 1965 முதல் விஜயந்தா டாங்கிகளைச் செய்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. பட்டாபிராமில் 2024இல் டைடல் பார்க்கும் வந்துவிட்டது. மாணவர்கள் தினமும் பஸ்ஸில் இந்தக் கேட்டுகளைத் தாண்டித்தான் போகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், ‘கம்பெனி’ என்பதற்கு மேல் பதில் வராது.

ஒரு பி.காம். மாணவியை எடுத்துக்கொள்வோம். டாலி கணக்கு மென்பொருள் படித்திருப்பார், ஜி.எஸ்.டி. தாளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையின் கணக்கு மேசையில் அவரை உட்கார வைத்தால் பாடம் வேறாகத் தெரியும். ஒரே உதிரிபாகம் ஓரிடத்தில் கடைசல், இன்னோரிடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட், வேறோரிடத்தில் பிளேட்டிங் என்று ஜாப் ஒர்க்குக்குப் போய்வருகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் டெலிவரி சலான் உண்டு. அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கட்ட வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவு. திரும்பி வராத சலான்களைத் தேடிப் பிடித்து, போன் போட்டு, எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அந்த வேலை சிலருக்கு அலுத்துப்போகும், சிலருக்குப் பிடித்துப்போகும். இரண்டில் தான் எந்த வகை என்பதை எந்த வினாத்தாளும் அவருக்குச் சொல்லாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதல்ல. 2021-22ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இத்தனை பேரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்த மாநிலம், 2022 மார்ச் 1இல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கி, ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞருக்குத் திறன் பயிற்சி என்று இலக்கு வைத்தது. பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் திறன் வேறு, தேர்வு வேறு. எக்செல் கற்ற மாணவர் எக்செல்லை எங்கே, யாருக்காகப் பயன்படுத்தப்போகிறார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வேலையைப் பார்த்தபின் தேர்வு என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு விருப்பம் என்பதே ஆடம்பரம்; கிடைக்கிற சம்பளம்தான் முக்கியம். கூடவே, அம்பத்தூர் டன்லப் டயர் ஆலை மூடித் திறந்து, மறுபடி மூடியதைப் பார்த்த தலைமுறை தன் பிள்ளையைப் பட்டறைப் பக்கம் அனுப்பத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. வேலை குறித்து ஒரு சமூகம் வைத்திருக்கும் எண்ணமே இளைஞரின் தேர்வை வடிவமைக்கிறது என்று பெங்களூரு ஆய்வாளர் கிடியன் அருள்மணி எழுதியிருப்பதும் இதைத்தான் காட்டுகிறது. இருந்தும் மறுப்பு என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாமாவின் அலுவலகமும் அப்பாவின் நண்பரும் இருக்கிறார்கள். வேலைகளைப் பற்றிச் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழுந்துவிடும். முதல் பட்டதாரிக்கு அதைக் கல்லூரிதான் தர முடியும். உதவித்தொகையோடு தந்தால் சம்பளக் கவலைக்கும் ஓரளவு பதிலாகும்.

கல்லூரி இப்படித் தருவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. தொழிற்பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள் இணைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இலேயே வழிகாட்டுதல் தந்தது. கோளாறு காலக்கணக்கில் இருக்கிறது. படிப்பு முடிந்தபின் வரும் பயிற்சியில் ‘இது எனக்கில்லை’ என்று தெரிந்து என்ன பயன்? நான்காம் பருவத்தில் தெரிந்தால், மாற்றிக்கொள்ள இன்னும் ஓராண்டு கையில் இருக்கும்.

இந்தப் பகுதிக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதன் பாடத்திட்டக் குழுக்கள் நான்காம் பருவத்தில் மதிப்பெண்ணும் உதவித்தொகையும் உள்ள களப்பயிற்சியைக் கட்டாயமாக்கட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐமா, தன் உறுப்பினர்களின் கணக்கு மேசை, ஸ்டோர்ஸ், தரச் சோதனை ஆகியவற்றில் இடம் ஒதுக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம்.