கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்



ஔவையார் என்று சொன்னதும் உங்கள் மனக்கண் முன்னே யார் வந்து நிற்கிறார்? நரைத்த கூந்தல், நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல், கணீரென்ற குரல். ஆத்திசூடியைத் தந்த ஔவையாரை நம்மில் யாரும் பார்த்தது கிடையாது. நாம் பார்த்ததெல்லாம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரைத்தான். தோட்டத்துத் திடலிலே வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தில், பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கூட்டியே போய் இடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். பிள்ளைகளே, வீட்டிலே தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அம்மையார் பிறந்தது 1908-ஆம் ஆண்டு, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி என்ற ஊரில். ஏழைக் குடும்பம். தாயார் பாலாம்பாள்தான் பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்ச காலம். ரயிலிலே பாடிக் காசு வாங்கிய சிறுமி என்றுதான் அவரைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். வயசு பத்தை ஒட்டித்தான் இருக்கும். நல்லதங்காள் நாடகத்தில் பசி தாங்காமல் அழுகிற பிள்ளை வேஷம் கிடைத்தது. பசி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன? கொட்டகை முழுக்கக் கண்ணைத் துடைத்தது.

அது மைக் இல்லாத காலம். கடைசியில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டும். அப்படிப் பாடத் தெரிந்தவர்களில் தலைசிறந்தவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1926-இல் இலங்கைக்கு நாடகம் ஆடப்போன இடத்தில் இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள். வள்ளி திருமணத்தில் இவர் வள்ளி, அவர் வேலன். அடுத்த ஆண்டே திருமணமும் நடந்தது. ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார், சாதியும் வேறு. பிறந்த குழந்தை தங்கவில்லை. பிணக்கும் பிரிவும் வந்தன. குடிப்பழக்கமும் நோயும் கிட்டப்பாவைத் தின்றன. 1933 டிசம்பரில் அவர் மறைந்தபோது வயது 27. அம்மையாருக்கு 25.

அன்றோடு வண்ணச் சேலையை விட்டார், நகையை விட்டார், மேடையை விட்டார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார். இதை நம் பெண்களுக்கு எடுத்துக்காட்டாக நான் சொல்ல வரவில்லை. புருஷனை இழந்தவளை மணவறைப் பக்கம் வரவிடாத வழக்கம் நம் லயத்து வீடுகளிலும் இருந்ததுதானே? எத்தனை அக்காமார், அத்தைமார் கல்யாண வீட்டில் அடுப்படியோடு நின்றுவிட்டார்கள்! அப்படி ஒதுங்கச் சொன்ன சமுதாயத்தின் நடுவிலேதான், அந்த வெள்ளைச் சேலையோடு சுந்தராம்பாள் திரும்பி வந்தார்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி முதலானோர் அவரைப் பொதுவாழ்வுக்கு அழைத்து வந்தார்கள். கதர் உடுத்தி, 1937 தேர்தலுக்குக் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். அதற்கு முன்பே சினிமாவும் கதவைத் தட்டியது. அசன்தாஸ் என்ற முதலாளி ‘பக்த நந்தனார்’ எடுக்க வந்தார். மாட்டேன் என்றார் அம்மையார். ஆளை ஓட்டுவதற்காக ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். முதலாளி சரி என்று விட்டார்!

ஒரு லட்சம் என்றால் இன்று நமக்குப் பெரிதாகப் படாது. அன்றைய நாணயக் கணக்குப்படி அது ஏறக்குறைய 64,000 வெள்ளி. 1930-களில் மலாயாத் தோட்டங்களில் ஓர் ஆளின் நாட்கூலி அரை வெள்ளியும் அதற்குக் கீழுமாக இருந்தது. பிரட்டுக்கு ஒரு நாள் தவறாமல் போய் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும், ஒரு பால்வெட்டுக்காரருக்கு அந்தத் தொகை சேர 300 வருஷத்துக்கு மேல் ஆகும்!

1935-இல் வெளிவந்த அந்தப் படத்தில் அவர் போட்டது ஆண் வேஷம், நந்தன் வேஷம். ஜோடி இல்லை, சபதத்துக்கும் பழுதில்லை. சிதம்பரம் போய்வர ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கேட்டு நிற்கிற பண்ணையாள் நந்தன். லீவு கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டையாக நடித்தவர் பெரிய சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் என்னவோ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பத்திரிகைகளும் கேலி செய்தன. பிறகு 1940-இல் ‘மணிமேகலை’. இங்கும் துறவிதான். அதற்கப்புறம் 13 வருஷம் படமே இல்லை. இன்றைக்கு எந்த நடிகையாவது 13 வருஷம் காத்திருப்பாரா, சொல்லுங்கள்!

1953-இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் தயாரிப்பில், கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில் ‘ஔவையார்’ வந்தது. யானைக் கூட்டம் கோட்டையை இடிக்கிற காட்சியைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பெரியவர்கள் பார்த்தது அம்மையாரின் முகத்தை. அப்போது அவருக்கு 45 வயசு ஆகவில்லை. கல்யாணம் வேண்டாம், முதுமையைக் கொடு என்று வேண்டிப் பெற்றவள் ஔவை. அந்த வேஷம் இவருக்கு ஒட்டியதில் அதிசயம் என்ன இருக்கிறது?

1950-களில் சென்னை மேலவையில் உறுப்பினராகவும் அமர்ந்தார். சினிமாவிலிருந்து சட்டசபைக்குள் போன முதல் இந்தியக் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். ரயிலில் காசுக்குப் பாடிய பெண்!

1964-இல் ‘பூம்புகார்’. கதை வசனம் கலைஞர் கருணாநிதி. அம்மையாரோ காங்கிரஸ்காரர், முருக பக்தை. இருந்தும் கவுந்தி அடிகளாக நடித்தார். ஆனால் ஒரு பாட்டில், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிற மாதிரி ஒரு வரி இருந்ததாம். அதைப் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார் என்றும், பிறகு வரியை மாற்றித் தந்தார்கள் என்றும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஒரு லட்சம் வாங்கியதைவிட இந்த மறுப்பைத்தான் பெரிசு என்பேன். எழுதியவரும் கோபித்துக்கொள்ளாமல் மாற்றிக் கொடுத்தாரே, அதுவும் பெரிசுதான்.

அடுத்த ஆண்டு ‘திருவிளையாடல்’. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானம் செய்ய மறுபடியும் ஔவையாக வந்தார். தைப்பூசக் காலத்தில் பத்துமலை தொடங்கி நம் தோட்டத்துக் கோயில்வரை ஒலிபெருக்கியில் கேட்கிற குரல் அதுதான்.

‘துணைவன்’ படப் பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற இந்திய தேசிய விருது கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ. சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு சினிமாக் கொட்டகையும் கட்டினார். நடித்த படங்களை எண்ணினால் ஏறத்தாழ ஒரு டஜன்தான் தேறும். 1980-இல் அம்மையார் காலமானார். கிட்டப்பா மறைந்து அப்போது ஏறக்குறைய 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசிவரை அதே வெள்ளைச் சேலை.