கரம்பொன் நேரமும் கொழும்பு நேரமும்

1983ஆம் ஆண்டு நோன்பு ஆனி மாதத்தில் வந்தது. சோனகத் தெருவிலிருந்து புடைவைப் பொட்டலங்களோடு வாப்பா ஊர்காவற்றுறைப் பக்கம் வியாபாரத்துக்குப் போவார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். பொழுதுபட்ட நேரம் கரம்பொனில், வாடிக்கையான ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தோம். வீட்டுக்காரர் எங்களுக்காகவே வானொலியைத் திருப்பி வைத்திருந்தார்.

“நானா, பாங்கு சொல்லிப்போட்டாங்கள். தண்ணியைக் குடியுங்கோ.”

“பொறுங்க அண்ணை, அது கொழும்புப் பாங்கு. எங்கட சூரியன் இன்னும் இறங்கேல்ல.”

ஐந்து நிமிடம் காத்திருந்துதான் வாப்பா பேரீச்சம்பழத்தை என் கையில் தந்தார்.

வாப்பாவின் கணக்கு எவ்வளவு சரியானது என்பது பின்னர் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. கொழும்பும் கரம்பொனும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில், 80 பாகைக்குச் சற்று மேற்கே கிடக்கின்றன. ஆகவே சூரியன் உச்சி சாய்வதும், அதனால் ளுஹர் தொடங்குவதும் இரண்டு ஊரிலும் ஒரே கணத்தில்தான். அகலக்கோட்டில் மட்டும் கரம்பொன் கிட்டத்தட்ட 3 பாகை வடக்கே. அதனால் ஆனியில் கரம்பொனில் சூரியன் சுமார் 5 நிமிடம் பிந்தி மறையும். மார்கழியில் அதேயளவு முந்தி மறையும். கொழும்புப் பாங்கை நம்பி ஆனியில் நோன்பு திறந்தால் அந்த நோன்பு கூடாது.

சூரியன் வைத்த வித்தியாசம் இவ்வளவுதான். மனிதர் வைத்தது அரை மணித்தியாலம்.

இலங்கை 1906 சனவரி 1 முதல் கிறீனிச் நேரத்துக்கு 5½ மணி முந்திய நேரத்தைக் கைக்கொண்டது. உலகப் போருக்காக 1942இல் அது முதலில் 6 மணியாகவும் பிறகு 6½ மணியாகவும் மாறி, 1945 ஒக்டோபரில் பழையபடி வந்தது. அடுத்த மாற்றம் 1996இல். மழை பொய்த்து நீர்மின் தேக்கங்கள் வற்றவே, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25இல் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன் தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் திருப்பிக் கொடுத்தார்கள். தேசிய மின்கம்பியோடு தொடர்பற்றிருந்த யாழ்ப்பாணத்துக்கும் தீவுப்பகுதிக்கும் அதே நேரம்தான். மிச்சம் பிடிக்க அங்கே என்ன இருந்தது?

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி மாறவில்லை. 5½ மணியிலேயே நின்றது. ஒரே தீவுக்குள் இரண்டு நேரம்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நாங்கள் அப்போது புத்தளத்தில் அகதிகள். வாப்பா தன் கைக்கடிகாரத்தை மாற்ற மறுத்துவிட்டார். “ஊரை விட்டுட்டு வந்தன், நேரத்தையும் விடவா?” என்பார். தொழுகைக்கு அவர் கடிகாரம் பார்க்கிறவருமில்லை.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. மறுவருடம் இருவரும் போனோம். ஓமந்தை தாண்டியதும் என் கடிகாரம் பிழை, வாப்பாவுடையது சரி. முகமாலையில் மறுபடி என்னுடையது சரி. கரம்பொனில் அந்தத் திண்ணை இருந்தது. வீட்டுக்காரர் இல்லை, கனடா போய்விட்டாராம்.

வாப்பா 2004இல் மௌத்தானார். 2006 ஏப்ரல் 15 பிறந்தபோது நாடு மீண்டும் 5½ மணிக்கு வந்தது. அலுமாரியில் இருந்த அவருடைய கடிகாரத்தை யாரும் தொடவேண்டி வரவில்லை.

இதை நம் ஆய்வாளர்களுக்காகவும் எழுதுகிறேன். அந்தப் பத்து வருடக் காலத்து வாய்மொழிச் சாட்சியங்களை நாம் இப்போது திரட்டுகிறோம். ஒருவர் “ஆறு மணி” என்றால் எந்த ஆறு என்று கேளுங்கள். வன்னியில் நின்றவரும் யாழ்ப்பாணத்தில் நின்றவரும் ஒரே சம்பவத்துக்கு வேறுவேறு நேரம் சொன்னால், இருவரும் உண்மை பேசியிருக்கக்கூடும். மஃரிபுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் இன்னும் நல்லது. அது யாருடைய உத்தரவுக்கும் மாறியதில்லை.