எட்டுமா, தாங்குமா?

திருவரங்கத் தீவை இருபுறமும் அணைத்து ஓடுவன காவிரியும் கொள்ளிடமும். முக்கொம்பில் பிரியும் இவ்விரண்டில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலின் நீர் அப்பக்கமே மிகுதியாகப் பாய, தஞ்சைக் கழனிகள் வாடின. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டி அக்குறையைத் தீர்த்தார். மட்டம் வேறுபட்ட இரண்டு சேருமிடத்தில் இடையே ஓர் ஒழுங்கு வேண்டும். மின்னணுவியலும் இதே பாடத்தைக் கற்ற வரலாற்றை இன்று சொல்லப் புகுகிறேன்.

கணிப்பொறியின் மொழிக்கு எழுத்துக்கள் இரண்டே: 0, 1. அவை மின்னழுத்தத்தால் எழுதப்படுபவை. 1964-ஆம் ஆண்டு, திருச்சியில் மண்டலப் பொறியியற் கல்லூரி தோன்றிய ஆண்டு. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 5 வோல்ட்டில் இயங்கும் டி.டி.எல். சில்லு வரிசையை வெளியிட்டது. அதில் 0.8 வோல்ட் வரை 0 என்றும், 2 வோல்ட் முதல் 1 என்றும் கொள்ளப்படும். அனுப்பும் சில்லோ 0-வை 0.4-க்கு மேற்படாமலும், 1-ஐ 2.4-க்குக் குறையாமலும் அனுப்ப வேண்டும். இடையிலுள்ள 0.4 வோல்ட், இரைச்சலைத் தாங்க ஒதுக்கிய கரை.

காலப்போக்கில் டிரான்சிஸ்டர்கள் சிறுத்தன. அவற்றின் மெல்லிய காப்புப் படலத்திற்கு 5 வோல்ட் மிகையாயிற்று. மேலும், அவை மாறி மாறி இயங்குகையில் செலவாகும் மின்திறன் அழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப அமைவது. 5 வோல்ட்டை 3.3 ஆக்கினால் அச்செலவு ஏறத்தாழ 44 விழுக்காடாகக் குறையும். ஆகவே 1990-களில் 3.3 வோல்ட் பரவியது. ஆனால் பழைய 5 வோல்ட் மறையவில்லை.

இன்று மாணவர் கையாளும் இரு பலகைகளையே பாருங்கள். 2010-இல் வந்த ஆர்டுயினோ ஊனோவுக்கு 5 வோல்ட். 2012-இல் வந்த ராஸ்பெரி பையின் முனைகளுக்கு 3.3 வோல்ட். ஊனோ 3 வோல்ட்டையே 1 என ஏற்பதால், பை அனுப்பும் செய்தி அதற்கு எட்டும். மறுதிசையில் வரும் 5 வோல்ட்டோ பையைப் பழுதாக்கிவிடும். அங்கே 1000 ஓம், 2000 ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து, 2000 ஓமின் மேல் விழும் அழுத்தத்தை மட்டும் பைக்குக் கொடுத்தால் 3.3 வோல்ட்டே சேரும். ஒரே கம்பியில் செய்தி இருவழியும் செல்லுமாயின் இது போதாது. ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் நடுவே நிற்க வேண்டும்.

எனவே, கம்பியை இணைக்குமுன் இரு பொருள்களின் தரவுத் தாள்களையும் விரித்து இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: அனுப்புவது எட்டுமா? பெறுவது தாங்குமா? இரண்டிற்கும் விடை கிடைத்த பின்னரே மின்விசையைப் போடுங்கள்.