நிறையிலிருந்து கொழுப்புக்கு: மாணவர் உடலமைப்பை அளந்த வரலாறும் திருகோணமலையும்

திருகோணமலை மெக்கெய்சர் விளையாட்டரங்கில் குண்டு போடும் மாணவனையும், பயிற்சிப் பக்கமே தலைகாட்டாத அவன் வகுப்புத் தோழனையும் நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒரே இலக்கத்தில் நிறுத்திவிடக்கூடும். ஒருவனிடம் கூடுதலாக இருப்பது தசை, மற்றவனிடம் கொழுப்பு. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தச் சுட்டியின் வேர் 1830களுக்குப் போகிறது. வளர்ந்தோரின் நிறை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதைக் கண்டவர் பெல்ஜிய வானியலாளர் கெட்டலே. அவர் தேடியது சராசரி மனிதனை, உடற்பருமனை அல்ல. 1972இல் அமெரிக்க உடலியலாளர் அன்செல் கீஸ் இந்தச் சுட்டிக்கு இன்றைய பெயரைச் சூட்டினார். இடையில், 1940இல், அமெரிக்கரான ஷெல்டன் ஏறத்தாழ 4,000 கல்லூரி மாணவரின் நிர்வாணப் படங்களை வைத்து உடல்களைக் கொழுத்தவை, தசைப்பிடிப்பானவை, மெலிந்தவை என்ற மூன்று கூறுகளால் மதிப்பிட்டார். உடலைக் கொண்டு குணத்தையும் கணிக்கலாம் என்ற அவர் வாதம் நிலைக்கவில்லை. நிலைக்காததும் நல்லதே. மூன்று கூறுகளை மட்டும் ஹீத்தும் கார்ட்டரும் 1967இல் திருத்தியெடுத்தனர். விளையாட்டு ஆய்வுகளில் அவை இன்றும் வழக்கில் உள்ளன.

உண்மையான திருப்பம் ஒரு கடற்படை மருத்துவரிடமிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆல்பர்ட் பென்கே, சுழியோடிகள் வேகமாக மேலெழும்போது நைதரசன் குமிழ்களால் வரும் அமுக்கநீக்க நோயை ஆராய்ந்தவர். நைதரசன் நீரைவிடக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரைவதால், சுழியோடியின் உடலில் எவ்வளவு கொழுப்பு என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை. உடலை நீருக்குள் நிறுத்து அடர்த்தி கண்டு, அதிலிருந்து கொழுப்பை மதிப்பிட்டார். 1942இல் வெளியான ஆய்வில் 25 தொழில்முறை அமெரிக்கக் காற்பந்து வீரரில் 17 பேர் உயர-நிறை அட்டவணைப்படி படைச்சேவைக்குத் தகாதவர்கள்; அடர்த்தியோ அவர்கள் உடலில் கொழுப்புக் குறைவு என்றது.

நீர்த்தொட்டியைப் பாடசாலைக்குக் கொண்டுபோக முடியாது. 1974இல் டர்னினும் வொமர்ஸ்லியும் நான்கு இடத் தோல்மடிப்புகளிலிருந்து அடர்த்தியைக் கணிக்கும் சமன்பாடுகளைத் தந்தனர்: மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலைத் தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, இடுக்கிமானியைப் பொருத்தி, ஓரிரு விநாடியில் வாசிக்க வேண்டும். தாமதித்தால் மடிப்பு நசுங்கி அளவு குறைந்துவிடும். அளப்பவர் மாறினாலும் இலக்கம் மாறும். ஆகவே விளையாடும் மாணவரையும் விளையாடாதவரையும் ஒப்பிட்டால், இரு குழுக்களையும் ஒருவரே அளப்பது நல்லது.

தெற்காசிய உடலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புனேயின் யாஜ்னிக், இலண்டனின் யுட்கின் ஆகிய இரு மருத்துவர்களுக்கும் சுட்டி 22.3தான், உடற்கொழுப்போ முன்னவருக்கு 21.2 வீதம், பின்னவருக்கு 9.1 வீதம். இது 2004இல் லான்செட் இதழில் வந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு, வளர்ந்த ஆசியருக்குச் சுட்டியில் 23, 27.5 ஆகிய இலக்கங்களையும் கவனிக்கச் சொன்னது. ஆகவே இங்கே ஒல்லியான மாணவனிடம் கொழுப்பில்லை என்றும் சொல்லிவிட முடியாது.

திருகோணமலையில் விளையாடுவோரையும் விளையாடாதோரையும் ஒப்பிடுபவருக்கு, என் பார்வையில், கருவியைவிடக் குழுப்பிரிப்பே கடினம். பாடசாலை அணியில் பெயரில்லாதவன் ‘விளையாடாதவன்’ ஆகிறான். நிலாவெளியிலோ குச்சவெளியிலோ விடியலில் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவனும் அந்தப் பட்டியலில்தான் விழுவான். குதிகாலை மணலில் ஊன்றி, முதுகைச் சாய்த்துக் கயிறு இழுப்பவனின் தொடையும் தோளும் ஓய்ந்திருப்பவை அல்ல. அவனைச் சேர்த்தால் இரு குழுக்களின் வித்தியாசம் சுருங்கும். பயிற்சியால் பலனில்லை என்ற பிழையான முடிவும் வரலாம். ஆகவே ஆய்வின் வினாக்கொத்தில் பயிற்சி மணிநேரத்துக்குப் பக்கத்தில் தொழில் மணிநேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும்.