தொட்டிலும் விலங்கும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருவழியில் இருக்கிறது விடத்தல்தீவு. பெயரில் தீவு உண்டெனினும், பெருநிலக் கரையில் கண்டற்காடுகளை அடுத்து அமைந்த மீனவர் ஊர் அது. போரினால் இடம்பெயர்ந்து, மீண்டு வந்து, வலையும் வள்ளமுமாக வாழ்வை மறுபடி தொடங்கிய மக்கள் அங்கு வாழ்கின்றனர். பாக்குநீரிணையைக் கடந்து வரும் கஞ்சாப் பொதிகள் மன்னார்க் கரையோரத்தில் பிடிபடுவதை நாம் அடிக்கடி படிக்கிறோம். பொதியின் எடை எழுதப்படுகிறது. அது சென்றடையும் வீட்டின் கதை எழுதப்படுவதில்லை. அந்த வீடு எவ்வூரில் இருப்பினும் இருக்கட்டும். போதைக்கு ஆட்பட்டவள் அங்கே ஒரு கர்ப்பவதியாயின் அவளை நாம் என்செய்வது? வரலாற்றைக் கேட்போம்.

போதையை முதலில் விற்றுப் பொருளீட்டியவர்கள் ஆண்டவர்களே. பிரிட்டிஷ் இலங்கையில் அபினி அனுமதிபெற்ற கடைகளில் விற்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே, 1910ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அதைக் கட்டுப்படுத்தியது. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் குழந்தைகளுக்கு அபினிச் சரக்கு ஊட்டப்பட்டதை மார்க்ஸ் தம் 'மூலதன'த்தில் சுட்டிக்காட்டினார். பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களும் தம் மகவுகளுக்கு அபினி உருண்டை கொடுத்து உறங்கவைத்துவிட்டு வேலைக்குச் சென்றனர். அத்தாய்மார் இரக்கமற்றவர்களா? அல்லர். பாலூட்ட ஓய்வும் பிள்ளையைப் பார்க்க ஆளும் இல்லாத வாழ்வே அந்த உருண்டையை அவர்கள் கையில் தந்தது. பம்பாயில் 1929இலும் இலங்கையில் 1939இலும் பிறந்த பிரசவ உதவிச் சட்டங்கள், தாயைத் திட்டுவதைவிட அவளுக்கு ஓய்வளிப்பதே மருந்து என்பதை ஒப்புக்கொண்டன.

எனினும் தண்டிக்கும் மனம் மாளவில்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 1989இல் ஓர் அரசு மருத்துவமனை, கர்ப்பவதிகளின் சிறுநீரை அவர்கள் அறியாமலே சோதித்து முடிவைப் பொலிசாரிடம் கொடுத்தது. கைதானோரில் மிகப் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். பிள்ளை பெற்ற சூட்டோடு விலங்கிடப்பட்டவர்களும் உண்டு. சம்மதமற்ற அச்சோதனை அரசியலமைப்புக்கு முரணென 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையே பொலிஸ் நிலையமானால் எந்தத் தாய் அதன் படியேறுவாள்?

மாற்று வழியும் உண்டு. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1990இல் மேரி ஹெப்பர்ன் என்னும் மருத்துவர், வறுமையிலும் போதையிலும் சிக்கிய பெண்களுக்கெனத் தனிச் சேவையொன்றை அமைத்தார். பிரசவ மருத்துவமும் போதைச் சிகிச்சையும் சமூக உதவியும் அங்கே ஒருங்கே கிடைத்தன. 2014இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இத்திசையையே காட்டியது. ஹெரோயின் போன்ற அபினி வகைக்கு ஆட்பட்ட கர்ப்பவதியை அதிலிருந்து திடீரென விலக்க முயலாமல், மெதடோன் போன்ற மாற்று மருந்தால் நிலைப்படுத்த வேண்டும். சேயைத் தாயிடமிருந்து பிரிக்காமல், இயன்றவரை தாய்ப்பாலை ஊக்குவிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் நாட்டிலோ 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், விரும்பி வருவோருக்கான சிகிச்சையோடு நீதிமன்ற ஆணையால் வரும் கட்டாயச் சிகிச்சைக்கும் இடந்தந்தது. கட்டாயத்தின் வாயிலில் கைக்குழந்தையோடு எந்தப் பெண் நிற்பாள்? ஆனால் நம்மிடம் வேறொரு வாயிலும் இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தோன்றியது முதல், வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சி சேவை இங்கு வளர்ந்து வந்துள்ளது. 1940களின் நடுவில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 1,000ஐத் தாண்டியிருந்த தாய் மரணம், 2010களில் 40க்குக் கீழ் இறங்கியதில் அவர்களின் கால்நடைக்குப் பெரும் பங்குண்டு. அது அச்சுறுத்திப் பெற்ற வெற்றியன்று. நம்பிக்கையால் பெற்ற வெற்றி.

அதே நம்பிக்கையின்மேல் போதைச் சிகிச்சையையும் கட்டியெழுப்ப வேண்டுமென்கிறோம். கர்ப்பவதிகள் கிளினிக்கிலேயே ஆலோசனையும் மருந்தும் கிடைக்கட்டும். கணவனுக்கும் அங்கேயே சிகிச்சை கிடைக்கட்டும். ஏனெனில் அவன் திருந்தாத வீட்டில் அவள் மட்டும் மீள்வது அரிது. அவள் சொல்வது பொலிசுக்குப் போகாது என்ற உறுதி எல்லாவற்றுக்கும் முந்தியது.

விடத்தல்தீவில் ஒரு வீட்டுப் படலையை மருத்துவிச்சி திறக்கும்போது, உள்ளிருப்பவள் ஒளியாமல் வெளியே வர வேண்டும். நம் சமுதாயத்தின் நாகரிகத்துக்கு அதுவே அளவுகோல்.