ஆணி குத்திருச்சு, டி.டி. போடணுமா?

ஜனவரி பிறந்து தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்துவிட்டால், புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் கேஷுவால்டிகளுக்கு சீசன் ஆரம்பம். மாடு குத்தியவர்கள், கீழே விழுந்து சிராய்த்தவர்கள் எல்லாரும் வருவார்கள். வருஷம் முழுக்க வருகிற கூட்டம் வேறு: கருவ முள் ஏறியவர்கள், செருப்பைத் தாண்டி ஆணி இறங்கியவர்கள், மண்வெட்டி பட்டவர்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், டி.டி. போட்டு ஆறு மாசம் ஆச்சு. திரும்பப் போடணுமா?"

இந்த ஆறு மாசக் கணக்குக்கு எந்த மருத்துவ அடிப்படையும் இல்லை. ஆனாலும் ஊரே நம்புகிறது. அடிபட்டவுடன் ஓடிவந்து ஊசி போட்டால் தப்பித்தோம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. அது தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பதிலும் சுலபமாகப் புரியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் துருவை விடுதலை செய்துவிடுவோம். ரண ஜன்னி துருவால் வருவதில்லை. 1884-ல் ஜெர்மனியில் ஆர்தர் நிக்கோலையர் என்ற இளம் மருத்துவர் தோட்டத்து மண்ணை எடுத்து விலங்குகளின் தோலுக்கடியில் செலுத்தினார். அவற்றுக்கு ரண ஜன்னி வந்தது. ஆக, கிருமி இருப்பது மண்ணில். மாடு, குதிரையின் குடலிலும் சாணத்திலும் உண்டு. விதை மாதிரி கெட்டியான ஓட்டுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். காற்று புகாத இடம் கிடைத்தால்தான் முளைக்கும். அகலமான வெட்டுக்காயத்தைவிட, மேலே ஒரு புள்ளி மட்டும் தெரிகிற ஆழமான முள் குத்து ஆபத்தானது அதனால்தான். துருப்பிடித்த ஆணிமேல் பழி விழுந்ததற்குக் காரணம், அது பெரும்பாலும் மண்ணில் கிடந்த ஆணி என்பதுதான். புத்தம்புது ஆணியும் தொழுவத்தில் விழுந்திருந்தால் அதே கதைதான்.

துளி மண் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. 1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மால்கோவால் என்ற கிராமம், இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. பிளேக் பரவிக்கொண்டிருந்த காலம். பம்பாயில் ஹாஃப்கின் தயாரித்த பிளேக் தடுப்பூசியை அன்று 107 பேருக்குப் போட்டார்கள். அவர்களில் 19 பேர் ரண ஜன்னி வந்து இறந்துபோனார்கள். அந்த 19 பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே பாட்டிலிலிருந்து. அதன் எண் 53 என். மற்ற பாட்டில்களில் போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர் அவர். விசாரணைக் குழு, பாட்டில் அவருடைய ஆய்வகத்திலேயே கெட்டிருக்கும் என்று முடிவு கட்டியது. வேலை போனது. பிறகு சாட்சியங்களைத் துருவிப் பார்த்தபோது வேறொன்று தெரியவந்தது. கிராமத்தில் பாட்டிலைத் திறந்த உதவியாளர் இடுக்கியைத் தரையில் தவறவிட்டிருக்கிறார். அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அதாலேயே பாட்டிலின் தக்கையைத் திறந்திருக்கிறார். அவ்வளவுதான். ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் 1907-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஹாஃப்கினுக்காகக் குரல் கொடுத்த பிறகே அவர்மேல் இருந்த களங்கம் நீங்கியது. பம்பாய் ஆய்வகத்துக்கு 1925-ல் அவர் பெயரையே வைத்தார்கள். நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கும்போதெல்லாம் இந்த இடுக்கிக் கதையைச் சொல்வேன். வகுப்பில் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது.

இப்போது ஊசிக்கு வருவோம். 1890-ல் பெர்லினில் பெரிங்கும் ஜப்பானியரான கிடாசாட்டோவும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கிருமியின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விலங்குக்குக் கொடுத்துப் பழக்கினால், அதன் ரத்தத்தில் முறிமருந்து உருவாகிறது. அந்த ரத்தத்தின் சீரம் இன்னொரு விலங்கைக் காப்பாற்றுகிறது. (1901-ல் முதல் மருத்துவ நோபல் பெரிங்குக்கு மட்டும் போனது. கிடாசாட்டோவுக்கு இல்லை. அது தனிப் பதிவுக்கான விஷயம்.) அதன்பின் குதிரைகளிலிருந்து இந்தச் சீரத்தை ஏராளமாக எடுத்தார்கள்.

முதல் உலகப் போர் 1914-ல் வந்தது. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழி வெட்டிய இடமெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் குதிரைச் சாணம் போட்டு உழுத வயல்கள். நம் இந்தியச் சிப்பாய்களும் அந்தச் சேற்றில்தான் கிடந்தார்கள். முதல் சில மாதங்களில் காயம்பட்டவர்களுக்கு ரண ஜன்னி வரிசையாக வந்தது. காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் உடனே குதிரைச் சீரம் என்று ஏற்பாடு செய்ததும் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது.

"அடிபட்டா உடனே ஊசி" என்ற பழக்கம் இந்தச் சீரத்தின் காலத்தில்தான் வேரூன்றியது. அன்றைக்கு அது முழுக்கச் சரி. ஏனென்றால் சீரம் என்பது ரெடிமேட் முறிமருந்து, உடம்பில் ஏறியதுமே வேலை செய்யும். ஆனால் சில வாரங்களில் தீர்ந்துபோகும். அடுத்த காயத்துக்கு அடுத்த ஊசி. குதிரைச் சீரம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமையும் மோசமாக வரும். பழைய கம்பவுண்டர்களைக் கேளுங்கள், ஏ.டி.எஸ். என்று சொல்லி, முதலில் டெஸ்ட் டோஸ் போட்டுக் காத்திருந்த கதையைச் சொல்வார்கள்.

1920-களில் பிரான்ஸின் காஸ்டன் ரமோன் விஷத்தை ஃபார்மலினாலும் சூட்டாலும் பல் பிடுங்கிய பாம்பாக மாற்றினார். அதுதான் டாக்சாய்டு, நம் டி.டி. இது முறிமருந்து இல்லை. முறிமருந்து தயாரிக்க உடம்புக்குக் கொடுக்கும் பயிற்சி. பயிற்சிக்கு நாள் ஆகும், ஒரு டோஸும் போதாது. ஆனால் மூன்று டோஸ் முடித்துவிட்டால் பாதுகாப்பு வருஷக்கணக்கில் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் காயம்பட காத்திருக்காமல் எல்லாருக்கும் முன்கூட்டியே இதைப் போட்டது. காயங்களுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தது 27 லட்சத்துக்கும் மேல். ரண ஜன்னி வந்தது வெறும் 12 பேருக்கு.

ஆக, மருந்து மாறிவிட்டது. நம் பழக்கம் மட்டும் சீரம் காலத்திலேயே நின்றுவிட்டது. காயம்பட்ட அன்று நீங்கள் போட்டுக்கொள்ளும் டி.டி., ஏற்கெனவே பயிற்சி பெற்ற உடம்பை ஒரு தட்டு தட்டி எழுப்புகிறது. அதற்குச் சில நாள் போதும், நோய் வெளிப்படும் முன் எழுந்துவிடும். ஒரு டோஸ்கூட வாங்காத உடம்பில் எழுப்புவதற்கு யாரும் இல்லை.

அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி "எப்போ கடைசியா போட்டீங்க" இல்லை. "மொத்தம் மூணு டோஸ் முடிச்சிருக்கீங்களா" என்பதுதான். முடித்தவர் என்றால் சின்ன, சுத்தமான காயத்துக்குப் பத்து வருஷம் வரை ஊசி தேவையில்லை. முள், ஆணி, மாட்டுக் கொம்பு மாதிரி அழுக்கான, ஆழமான காயம் என்றால் ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டும். மூன்று முடிக்காதவர், நினைவே இல்லாதவர் என்றால் டி.டி.யோடு, அழுக்குக் காயமாக இருந்தால் ரெடிமேட் முறிமருந்தும் வேண்டும். இப்போது அது மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின், குதிரைக்கு ஓய்வு கொடுத்தாச்சு. (இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் போடும் ஊசியில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து மருந்து இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர் மாறியது. தமிழில் சொன்னால் அதுவும் டி.டி.தான்!) எந்த ஊசி போட்டாலும் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சுண்ணாம்பு, காபித்தூள், சாணி எதையும் அப்பாதீர்கள்.

சரி, நம்மூரில் மூன்று டோஸ் இல்லாதவர் யார்? குழந்தைகள் இல்லை. 1978-ல் தொடங்கி 1985-க்குப் பின் வேகமெடுத்த தடுப்பூசித் திட்டம் அவர்களைப் பார்த்துக்கொண்டது. பிள்ளை பெற்ற பெண்களும் பெரும்பாலும் இல்லை. கர்ப்பத்தில் போடும் ஊசி தாய் வழியாகக் குழந்தைக்கும் போகிறது. ஒருகாலத்தில் இந்தியாவில் வருஷத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பச்சிளங்குழந்தைகளுக்கு வந்த ரண ஜன்னியை ஒழித்துவிட்டோம் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அதில் கிராம சுகாதார செவிலியர்களின் கால்நடை நிறைய இருக்கிறது. விட்டுப்போனவர்கள் ஐம்பதை நெருங்கிய, தாண்டிய ஆண்கள். அதாவது வயலில் முள்ளும் சாணியும் மிதிப்பவர்கள். நம் அப்பாக்கள், தாத்தாக்கள்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அப்படி ஒரு பெரியவரைப் பார்த்தேன். வாய் திறக்க முடியவில்லை என்று பல் டாக்டரிடம் போய், அங்கிருந்து எங்களிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒரு இழுப்பு. கால் பெருவிரலில் கருவ முள் தடம், புண் ஆறியே போயிருந்தது. அறையை இருட்டாக்கி வைத்தோம். வார்டில் யாராவது ஸ்டீல் தட்டைக் கீழே போட்டால் போதும், உடம்பு வில்லாக வளையும். அந்த நேரம் முழுக்க அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும் என்பதுதான் இந்த நோயின் கொடுமை. மூன்று வாரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்தார். அவர் மனைவிக்கு நாலு பிரசவத்திலும் ஊசி போட்டிருந்தார்கள். இவருக்கு வாழ்நாளில் ஒன்றுகூட இல்லை.

பிழைத்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும் அன்று டி.டி. போடப் போனேன். "வந்துட்டுப் போன நோய்க்கு எதுக்கு தம்பி ஊசி?" என்றார். நியாயமான கேள்வி. அம்மை வந்தால் திரும்ப வராதில்லையா? ஆனால் ரண ஜன்னி அப்படி இல்லை. ஆளையே சாய்க்கப் போதுமான விஷத்தின் அளவு, உடம்பு அதை அடையாளம் கண்டு பயிற்சி எடுக்கப் போதாது. அத்தனை சொற்பம். வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம். அதைச் சொன்னதும் கையை நீட்டினார். அடுத்தது ஒரு மாசம் கழித்து, மூணாவது ஆறு மாசத்தில் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாசம் கழித்து வந்தார். கூட தன் தம்பியையும் கூட்டிவந்திருந்தார். தம்பிக்கு எந்தக் காயமும் இல்லை.